புளியறையில் ஐந்து நாள்

விடுமுறை என்பது பிள்ளைகளுக்கு உரியது. பெரியவர்களுக்கு உரியவை திருவிழாவும் திருமண வீடும் மருத்துவமனையுமே என்று நம் குடும்பங்களில் எழுதப்படாத சட்டமொன்று உண்டு. கணவனும் மனைவியும் மட்டும், ஒரு காரணமுமின்றி, நான்கைந்து நாள் எங்கேனும் தங்கிவரப் புறப்பட்டால் அண்டை வீட்டார் முகத்தில் முதலில் தோன்றுவது ஐயமே. யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த ஊரில் பெண் பார்க்கப் போகிறார்கள், மகனோடு ஏதும் மனத்தாங்கலோ என்று வினாக்கள் வரிசையாக எழும். கடந்த ஆடி மாதத் தொடக்கத்தில் நாங்கள் புளியறைக்குப் புறப்பட்டபோதும் அவை எழுந்தன. "சும்மாதான் போகிறோம்" என்ற விடையை எவரும் நம்பவில்லை. மணமாகி முப்பத்தோர் ஆண்டுகளில் நாங்கள் சும்மா எங்கும் போனதில்லையாதலால் அவர்கள் நம்பாததில் வியப்பும் இல்லை.

உண்மையில் காரணம் ஒன்று இருக்கத்தான் செய்தது. எங்களில் ஒருவர் அவ்வாண்டுதான் பணி ஓய்வு பெற்றிருந்தார். ஊர் வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து தங்கிவிடுமாறு பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் அன்போடு வற்புறுத்தி வந்தான். மாத முடிவுக்குள் விடை சொல்வதாக வாக்களித்திருந்தோம். ஒருவருக்கு விற்க மனம்; மற்றவருக்கு மனமில்லை. ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே அதைப் பேசாமல் மூன்று மாதங்களை ஓட்டிவிட்டோம். பால்காரர் வருகிறார், பங்கு மக்கள் யாரேனும் வருகிறார்கள், தொலைபேசி மணி அடிக்கிறது; பேசாதிருக்க வீட்டில் ஆயிரம் வசதிகள்.

இந்நிலையில்தான் அமெரிக்காவில் பணிபுரியும் எங்கள் உறவினரான இளந்தம்பதியர் சில படங்களை அனுப்பியிருந்தார்கள். மெக்சிகோ நாட்டின் கிழக்கே, கரீபியன் கடலோரத்தில் ஒரு வாரம் தங்கினார்களாம். முகத்திற்குக் கண்ணாடி மூடி, வாயில் வளைந்த மூச்சுக் குழாய், கால்களில் வாத்துக்கால் போன்ற துடுப்பு. இக்கோலத்தில் இருவரும் நீர்ப்பரப்பில் குப்புற மிதந்தவாறு கீழே பவளப் பாறைகளினூடே திரியும் வண்ண மீன்களைப் பார்க்கின்றனர். இதற்கு ஸ்நார்கெலிங் என்று பெயர். மெக்சிகோவிலிருந்து பெலிஸ், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் நாடுகள் வரை ஏறத்தாழ 1000 கிலோமீட்டருக்கு நீளும் பவளத் தொடர் அது. நீருக்குள் ஆழ்ந்து மூழ்க வேண்டியதில்லை, விரைந்து நீந்த வேண்டியதுமில்லை, மிதந்தால் போதுமாம். எங்களைக் கவர்ந்தவை மீன்கள் அல்ல. இருவர் அருகருகே, ஒரு வேலையுமின்றி, ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு மிதக்கிறார்களே, அந்தக் காட்சியே கவர்ந்தது.

அத்தகைய கடல் நமக்கும் உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளத் திட்டுகளும் இருக்கின்றன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மூச்சுக் குழாயைக் கண்டிராத காலத்திலேயே நம் முத்துக்குளித்துறை மக்கள், இடையில் கயிறும் காலடியில் கல்லுமாக இறங்கி, அடக்கிய ஒரே மூச்சில் சிப்பி அள்ளி மீண்டவர்கள். தூத்துக்குடியில் 1961உடன் அம்முத்துக்குளிப்பு நின்றது. அவர்கள் மீன் பார்க்க இறங்கியவர்கள் அல்லர், வயிற்றுக்காக இறங்கியவர்கள். இன்று அத்தீவுகளுக்கு நினைத்தபடி போய்வர இயலாது. பவளமும் வெப்பத்தால் வெளிறித் துன்பப்படுகிறது. அன்றியும், எங்கள் இருவருக்குமே நீச்சல் தெரியாது. ஒருவருக்கு முழங்கால் வலியும் உண்டு. ஆகவே, நாம் போய் முகம் புதைக்க வேண்டாமல், தண்ணீர் தானாகவே தலைமேல் வந்து விழும் ஊரை நாடினோம். நெல்லைச் சீமையில் பிறந்தவர்களுக்கு அது எந்த ஊர் என்று சொல்லத் தேவையில்லை.

ஆயினும் குற்றாலத்தில் நாங்கள் தங்கவில்லை. சாரல் காலத்தில் அங்கே விடுதியும் கிடைப்பதில்லை. கிடைத்தால் உறக்கமும் கிடைப்பதில்லை. நண்பர் ஒருவருக்குப் புளியறையில் தென்னந்தோப்பும் அதனுள் ஓட்டு வீடும் உள்ளன. அவர் திறவுகோலைக் கொடுத்துவிட்டார்.

செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் போனால் புளியறை. மூன்று பக்கமும் மலை எழுந்து நிற்க, நடுவே வயலும் தோப்புமாகப் பரந்து கிடக்கும் ஊர். இதற்கப்பால் சில கிலோமீட்டர் மலையேறினால் கோட்டைவாசல். அங்கே தமிழகம் முடிந்து கேரளம் தொடங்குகிறது. இந்த எல்லை பழைமையானதன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை செங்கோட்டை வட்டமே திருவிதாங்கூர்ப் பக்கத்தைச் சேர்ந்ததாயிருந்தது. அன்றைய எல்லை, தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையிலுள்ள பிரானூரில் இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்து எல்லை மேற்கே மலைக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் பிரானூருக்குப் 'பார்டர்' என்னும் அடைமொழி மட்டும் போகவில்லை. இன்று நாடறிந்த 'பார்டர் பரோட்டா' அந்தப் பழைய எல்லையின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அரசாங்கம் நகர்த்திய எல்லையைப் பரோட்டாக் கடைகள் நகர்த்த மறுத்துவிட்டன என்று நாங்கள் சொல்லிச் சிரித்தோம். (பரோட்டாவும் நாட்டுக்கோழியும் எப்படி என்று கேட்பவர்களுக்கு: முதல் நாள் மிக நன்று, இரண்டாம் நாள் வயிறு வேறு கருத்துச் சொல்லிற்று.)

புளியறைச் சாரலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நாங்கள் அங்கே பார்த்தவற்றுள் அதுவே முதன்மையானது.

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே மதில் அன்று; அதில் சில வாயில்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் பெரியது. அதற்கடுத்துப் பெயர் பெற்றது செங்கோட்டைக் கணவாய். ஆரியங்காவுக் கணவாய் என்றும் அழைப்பார்கள். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மலையின் மேற்குச் சரிவில் மோதி, புனலூர்ப் பக்கமெல்லாம் மழையைக் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி வருவதற்குள் மேகம் பெரும்பாலும் வெறுங்கையாகிவிடும். ஆனால் இந்த வாயிலில் மட்டும் காற்று தடையின்றி நுழைவதால், எஞ்சிய ஈரம் பொடித் துளிகளாகச் சிதறிக்கொண்டே கிழக்கே பாய்கிறது. அதுதான் சாரல். இன்னும் கிழக்கே செல்லச் செல்ல ஈரம் உலர்ந்து காற்று மட்டும் மிஞ்சும். சுரண்டை, கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவது அதுவே. தென்காசிக் கோயில் கோபுர வாயிலில், நுழையும்போது முன்னிருந்தும் சற்று நடந்தபின் பின்னிருந்தும் தள்ளுகிறதே ஒரு காற்று, அதுவும் இந்த வாயில் வழியே வந்ததுதான்.

சாரலில் நனைவது மழையில் நனைவது போன்றதன்று. மழை நம்மை விரட்டும், சாரல் விரட்டாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே துளிகள் மிதந்து வரும். அவை கீழே விழுகின்றனவா, பக்கவாட்டில் போகின்றனவா என்று சொல்ல முடியாது. குடை பயனற்றது. சட்டை நனைந்துவிட்டதே என்று நினைக்கும்போது காற்று அதை உலர்த்திவிட்டிருக்கும். உலர்ந்துவிட்டது என்று மகிழும்போது மீண்டும் ஈரம். முதல் நாள் முழுவதும் திண்ணையில் அமர்ந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மலைமேல் மேகம் வந்து அமர்வதும், ஒரு மடிப்பு தெரிவதும், மறைவதும், வேறொரு மடிப்பு தெரிவதுமாக மணிக்கணக்கில் நடக்கிறது. சமையலுக்கு வந்த அம்மையார், "என்ன தாயி, வந்ததுலேர்ந்து ரெண்டு பேரும் மலையவே பாத்துக்கிட்டு இருக்கீய?" என்று கேட்டேவிட்டார். அவருக்கு அம்மலை யானை இறங்கி வரும் மலை. தோப்புக்குள் புகுந்து தென்னங்கன்றின் குருத்தை உரித்துத் தின்றுவிட்டுப் போகும் யானை, விளைந்த நெல்லை உழக்கும் பன்றி. இவற்றுக்குக் காவலாக இரவில் விழித்திருக்கும் ஊர் அது. பகலில் மலையைப் பார்த்து மகிழ அவர்களுக்கு ஏது நேரம்?

தோப்பின் எல்லையில் ஓர் ஓடை உண்டு. கணுக்கால் அளவுத் தண்ணீர். அடியிலுள்ள கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும் அளவுக்குத் தெளிவு. கல்லின்மேல் அமர்ந்து கால்களை விட்டால் சிறிது நேரத்தில் மீன்கள் வந்து சேர்கின்றன. விரல் நீளந்தான். சில வெள்ளியாய் மின்னுபவை. சில கல்லின் நிறத்திலேயே இருந்து கல்லோடு ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து நிற்பவை. பயம் தெளிந்ததும் பாதத்தைக் கொத்தத் தொடங்குகின்றன. கரீபியன் கடலில் கண்ணாடி மூடியும் குழாயும் வைத்துக்கொண்டு பார்த்த காட்சியை நாங்கள் மூக்குக் கண்ணாடியோடு குனிந்து பார்த்தோம். வண்ணம் குறைவுதான், ஆயினும் இருவர் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருத்தல் இங்கும் கைகூடிற்று. முழங்கால் வலி உள்ளவர் எழுந்திருக்க மட்டும் மற்றவர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் விடியுமுன் குற்றாலம் போனோம். வாரத்தின் நடுநாள்; ஐந்து மணி. பேரருவியில் கூட்டம் இருந்தது. ஆனால் தாங்கும் கூட்டம். சிற்றாறு மலையிலிருந்து இறங்கி வரும் வழியில், பாறையில் இயற்கையாய் அமைந்த ஆழ்ந்த பள்ளம் ஒன்றில் முதலில் விழுகிறது. பொங்குமாகடல் என்பது அதன் பெயர். அங்கே விழுந்து, பொங்கி, வேகம் தணிந்த பிறகே நம் தலைமேல் வருகிறது. அப்பள்ளம் மட்டும் இடையில் இல்லையேல் அவ்வருவியின்கீழ் மனிதர் நிற்க இயலாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடம் தனித்தனியாதலால் நாங்கள் பிரிந்து போய்க் குளித்து, முக்கால் மணி நேரங்கழித்துத் தேநீர்க் கடையில் சந்தித்தோம். இருவருக்கும் பல் தந்தியடித்தது. இருவருக்கும் காது அடைத்திருந்தது. ஆதலால் உரக்கக் கத்திப் பேசிக்கொண்டோம். கடைக்காரர் எங்களையும் மனத்தாங்கல்காரர் என்றே கருதியிருப்பார்.

அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. சிலர் இன்னும் மடியில் ஒளித்துக் கொண்டுவரத்தான் செய்கின்றனர். அருவியில் கழுவிய எண்ணெய் எங்கே போகிறது என்று அவர்கள் எண்ணுவதில்லை. சிற்றாறு தென்காசி வழியாக ஓடி, வயல்களுக்கும் குளங்களுக்கும் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. நாம் கழுவி விட்டது யாரோ ஒருவருடைய குடிநீர்.

தேநீர்க் கடைக்காரர் சொன்ன ஒரு சொல்லை இங்கே அப்படியே எழுதுகிறோம். குழந்தைகளோடு போகும் குடும்பத்தார் மனத்தில் இருத்த வேண்டியது. "அண்ணாச்சி, இங்க வெயிலடிக்குன்னு நம்பிராதீய. மேல மழ பெய்யுறது நமக்குத் தெரியாது. தண்ணி செவந்துட்டுன்னா, செத்தை சருகு வந்துட்டுன்னா, ஒரு நிமிசம் நிக்கப்பிடாது." அவர் இவ்வாறு சொன்னதற்கு ஆதாரம் இருந்தது. 2024 மே 17 அன்று, சாரல் காலம் தொடங்குமுன்பே, கோடை மழையால் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தோர் சிதறி ஓடினர். பதினேழு வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். விடுமுறைக்கு வந்த பிள்ளை. அருவியில் குளிக்கத் தடை என்று காவலர் கயிறு கட்டும்போது, "இவ்வளவு தூரம் வந்தோமே" என்று அவரோடு வழக்காடுவோர் அந்த வீட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். மூன்றாம் நாள் ஐந்தருவிக்குப் போனோம். தண்ணீர் மிகுந்துவிட்டதென்று கயிறு கட்டியிருந்தார்கள். எட்ட நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஐந்து கிளைகளும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரே வெண்சுவராய்த் தெரிந்தன. அதைப் பார்த்ததற்கே போன செலவு தகும்.

திரும்பும் வழியில் மங்குஸ்தான் வாங்கினோம். கருஞ்சிவப்பு ஓட்டுக்குள் வெண்சுளை. ஓட்டின் சாறு துணியில் பட்டால் கறை போகாது. குற்றாலத்து மலைச்சரிவில் இப்பழமும் ரம்புட்டானும் ஜாதிக்காயும் கிராம்பும் விளைகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே நறுமணப் பயிர்த் தோட்டம் போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சாரலின் அருமையை அயலாரும் அறிந்திருந்தனர். நம்மவர்களுள் இதை அறிந்து துய்த்தவர் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். 1954இல் மறையும் வரை குற்றாலத்தில் வாழ்ந்து, வந்த விருந்தினருக்கெல்லாம் கவிதையையும் சாப்பாட்டையும் ஒரே தட்டில் பரிமாறியவர். ஓய்வு என்பது சோம்பல் அன்று என்பதை அவரைப் பற்றிப் படித்தே நாங்கள் தெரிந்துகொண்டோம்.

புளியறையில் ஓரிடத்தைப் பற்றி அருவிகளைவிடக் கூடுதலாக எழுத விரும்புகிறோம். சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில் 'எஸ்' வளைவு என்று ஒன்று உள்ளது. ஆங்கில எழுத்தைப் போல இரண்டு முறை வளைந்து ஏறும் சாலை. அதன் கீழே, சரிவில், செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் இருப்புப்பாதை. கேரளத்திற்குப் போகும் சரக்கு லாரிகள் இரவும் பகலும் முனகிக்கொண்டு இவ்வளைவில் ஏறுகின்றன. மாலையில் நாங்கள் நடக்கப் போவது அவ்வழியேதான்.

2024 பிப்ரவரி 25ஆம் நாள், நள்ளிரவு கடந்த நேரம். கேரளத்திலிருந்து பிளைவுட் பலகை ஏற்றி வந்த லாரி ஒன்று இவ்வளைவில் நிலை தடுமாறி, சாலையை விட்டு உருண்டு, கீழே தண்டவாளத்தின்மேல் விழுந்தது. ஓட்டுநர் இறந்தார். அருகே குடியிருந்த முதிய கணவனும் மனைவியும் ஓசை கேட்டு எழுந்து ஓடி வந்தனர். அவ்வேளையில் அப்பாதையில் ரயில் வரும் ஒலி கேட்டிருக்கிறது. கையில் இருந்தது ஒரு டார்ச் விளக்கு. இருவரும் தண்டவாளத்தின் வழியே, ரயில் வரும் திசையை நோக்கியே ஓடி, விளக்கை ஆட்டினார்கள். ஓட்டுநர் கண்டு ரயிலை நிறுத்தினார். பெருவிபத்து ஒன்று நேராமற் போயிற்று. முதலமைச்சர் அத்தம்பதியரைப் பாராட்டி 5 இலட்சம் ரூபாய் வழங்கினார். செய்தித்தாள்களில் படமும் வந்தது.

நாங்கள் அவ்விடத்தில் நெடுநேரம் நின்றோம். பகலில் பார்த்தாலே கால் இடறும் சரிவு. சரளைக் கற்களின்மேல் நடப்பதற்கே எங்களுக்குச் சிரமம். அவர்களோ எங்களைவிட மூத்தவர்கள், இருட்டில் ஓடியிருக்கிறார்கள். ஒருவர் ஓடியிருந்தால் போதாதா என்று எங்களில் ஒருவர் கேட்டார். மற்றவர் சற்று நேரம் விடை சொல்லவில்லை. பிறகு, "தனியாக விட்டுவிட்டு இருக்க முடியுமா?" என்றார். அதற்குமேல் அன்று நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த பேச்சு அன்றிரவுதான் திறந்தது.

திண்ணையில் அமர்ந்திருந்தோம். மின்சாரம் போயிருந்தது, சாரல் ஓட்டின்மேல் ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டை விற்க விரும்பியவர் முதலில் பேசினார். விற்க ஆசை ஒன்றும் இல்லையாம். எங்களில் யாருக்கேனும் திடீரென்று ஏதேனும் நேர்ந்தால், அந்தப் பெரிய வீட்டில் மற்றவர் தனியாகக் கிடக்க வேண்டுமே என்னும் அச்சந்தானாம். விற்க மறுத்தவர் அதைக் கேட்டு வியந்தார். தம்மைப் பாரமென்று கருதியே விற்கச் சொல்வதாக அவர் இத்தனை நாளும் எண்ணியிருந்தார். ஒரே அச்சத்தை இருவரும் இரு முனைகளிலிருந்து பற்றி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். இதைக் கண்டுபிடிக்க நூற்றைம்பது கிலோமீட்டர் பேருந்தில் வர வேண்டியிருந்தது. வீட்டில் இருந்திருந்தால், "சாப்பாடு ஆறுகிறது" என்று யாரேனும் எழுந்து போயிருப்போம். அங்கே எழுந்து போக இருட்டைத் தவிர இடமில்லை. முடிவு ஒன்றும் பெரிதாக எடுக்கவில்லை. வீட்டை ஓராண்டு விற்பதில்லை. மாடியை நல்ல குடும்பம் ஒன்றுக்கு வாடகைக்கு விடுவது. ஆண்டில் மூன்று மாதம் மகனோடு இருப்பது. மகனுக்கு எழுதிவிட்டோம். அவனுக்கு முழு உடன்பாடு இல்லை என்பது அவனது பதிலில் தெரிந்தது. பேசித்தான் ஆக வேண்டும்.

நான்காம் நாள் ரயில் ஏறினோம். செங்கோட்டை வந்து, விடியற்காலையில் மேற்கே புறப்படும் வண்டியில் தென்மலைக்கு இரண்டு சீட்டு வாங்கினோம். இப்பாதை 1904இல் திறக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேல் மீட்டர் பாதையாக இயங்கி, அகலப் பாதையாக மாற்றுவதற்கென 2010இல் மூடப்பட்டு, 2018இல்தான் முழுமையாகத் திரும்பத் திறக்கப்பட்டது. அந்த எட்டு ஆண்டுகளில் இப்பக்கத்து மக்கள் பேருந்தில் பட்ட பாட்டைச் செங்கோட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏற்றம் மிகுதியாதலால் வண்டிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு என்ஜின்கள். புளியறைக்கருகே உள்ள பகவதிபுரம் நிலையத்தைக் கடந்ததும் நீண்ட சுரங்கப் பாதை. நுழையும்போது தமிழ்நாடு, வெளியே வரும்போது கேரளம். நுழையும்வரை காற்றும் பொடிச் சாரலுமாக இருந்தது. வெளியே வந்ததும் கொட்டும் மழை! ஒரு மலையின் இரு புறமும் இவ்வளவு வேறுபாடா என்று இருவரும் சன்னலோரம் எழுந்து நின்றுவிட்டோம். சாரலைப் பற்றி மேலே எழுதிய விளக்கமெல்லாம் அந்தச் சில நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலத்தின்மேல் வண்டி மெல்ல ஊர்கிறது. கருங்கல் தூண்கள், கல் வளைவுகள்; கீழே சாலையில் போவோர் அண்ணாந்து பார்க்க, நாங்கள் குனிந்து பார்த்தோம். தென்மலையில் சூடான கட்டன் சாயாவும் பழம்பொரியும் தின்று, பேருந்தில் ஆரியங்காவு வழியே திரும்பினோம். முந்நூறு அடி உயரத்திலிருந்து விழும் பாலருவி அவ்வழியில்தான் உள்ளது. கேரள வனத்துறையின் வண்டியில் உள்ளே போக வேண்டும். அன்று மழையால் அனுமதி இல்லை. எங்களுக்கும் குறை ஒன்றும் தோன்றவில்லை.

ஐந்தாம் நாளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஓடையில் கால் நனைத்தோம், மீன் பார்த்தோம், பகலில் உறங்கினோம்.

போக விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்டு வரை சாரல் பெரும்பாலும் தவறாது. சில ஆண்டுகளில் ஆவணியிலும் நீளும். செங்கோட்டை அருகே குண்டாறு என்றொரு சிறிய அணை உண்டு. நீர்மட்ட உயரம் 36 அடிதான். பருவம் தொடங்கினால் அப்பக்கத்தில் முதலில் நிரம்புவது அதுவே. அது நிரம்பிவிட்டது என்று செய்தித்தாளில் படித்தால் பெட்டியைக் கட்டலாம். சனி, ஞாயிறு வேண்டாம். கனத்த துணிகள் உலர்வதில்லை. மெல்லிய கைத்தறியே நன்று. மங்குஸ்தானை ஊருக்குக் கொண்டுபோவதானால் புறப்படும் நாளன்று காலையில் வாங்குங்கள்; முந்திய நாள் வாங்கியவை பேருந்திலேயே பாதி கெட்டுவிடும். இரவில் தோப்புப் பக்கம் நடக்க நேர்ந்தால் டார்ச் விளக்கு ஒன்று அவசியம், யானையின் பொருட்டாகத்தான். புளியறைக்குச் செங்கோட்டையிலிருந்து நகரப் பேருந்து உண்டு. கடைசிப் பேருந்து எப்போது என்று நடத்துநரிடம் கேட்டுக்கொண்டே இறங்குங்கள்.